கேள்வியைக் கேட்டது யார்? வில்லியனூர், பாகூர் முஸ்லிம்களும் நூற்றாண்டு நடுப்பகுதியின் மத அரசியலும்

1

முஸ்லிம் லீக், ஜமாஅத்தே இஸ்லாமி, ஜமிய்யத்துல் உலமா, தப்லீக், ரஜாக்கர் எல்லாவற்றையும் ஒரே சாக்குப்பையில் போட்டுக் கட்டி, மேலே 'மதவாதம்' என்று ஒரு சீட்டை ஒட்டிவிடுவது நமது மதச்சார்பற்ற வரலாற்றெழுத்துக்கு மிகவும் வசதியான காரியமாக இருந்து வந்திருக்கிறது. எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே என்கிற சமாதானம் வேறு. பைக்குள் கிடப்பவை ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டவை என்பதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இந்துத்துவச் சொல்லாடலுக்கும் இது தோதாகப் போய்விடுகிறது. 'அவங்க எல்லாரும் ஒண்ணுதான், 47லேயே பிரிச்சுக்கிட்டு போனவங்கதானே' என்று டீக்கடையில் சொல்லப்படுவதற்கும், பாடநூல்களில் 'முஸ்லிம் பிரிவினைவாதத்தின் வளர்ச்சி' என்று அத்தியாயத் தலைப்பு வைக்கப்படுவதற்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இந்தப் பையைப் பிரித்துப் பார்ப்பதற்குத் தில்லியோ அலிகாரோ லாகூரோ போக வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் மேற்கே வில்லியனூர் போதும். திருக்காமீசுவரர் கோயில், லூர்து மாதா திருத்தலம், சுல்தான்பேட்டைப் பள்ளிவாசல் மூன்றும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஊர். இன்னும் தெற்கே பாகூர். பெரிய ஏரியும் நெல்வயலுமாக, அன்றைய பிரிட்டிஷ் தென்னார்க்காட்டை ஒட்டியிருந்த கொம்யூன். இந்த இரண்டு கொம்யூன்களிலும் முஸ்லிம்கள் சிறுபான்மையிலும் சிறுபான்மை. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுக்கவே அவர்கள் 6 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். பெரிய தலைவர்களோ மாநாடுகளோ இந்த ஊர்ப்பக்கம் வந்து தங்கியதில்லை. இருந்தாலும் இந்த ஊர்களை முன்வைத்துத்தான் ஒரு கேள்வியைக் கேட்க முடியும்: 1940களில் பிரிட்டிஷ் இந்திய முஸ்லிம் ஒவ்வொருவனுக்கும் முன்னால் வைக்கப்பட்ட கேள்வி, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தவனிடம் கேட்கப்படவே இல்லை என்றால், அவனுடைய 'முஸ்லிம் அரசியல்' என்னவாக இருக்கும்?

2

முதலில் அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

1906 டிசம்பரில் டாக்காவில் தோன்றிய முஸ்லிம் லீகின் தலைமை ஆலிம்களுடையது அல்ல. நிலக்கிழார்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் நடத்திய கட்சி அது. அதன் அரசியல் பிரதிநிதித்துவத்தைப் பற்றியது. எத்தனை இடம், எந்தத் தொகுதி, யார் வாக்களிப்பது என்பதே அதன் மொழி. 1940 மார்ச்சில் லாகூர்த் தீர்மானம் வந்தபோதும் அது பேசியது இறைச்சட்டத்தை அல்ல, எண்ணிக்கையை: முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள பகுதிகள் தனி அரசுகளாக வேண்டும். அதற்கடுத்த ஆண்டு, 1941 ஏப்ரலில், லீகின் மாநாடு சென்னையில் கூடியது. பெரியார் அதில் கலந்துகொண்டார். திராவிட நாட்டுக் கோரிக்கையும் பாகிஸ்தான் கோரிக்கையும் அருகருகே நின்று கைகுலுக்கிக்கொண்ட ஒரு தருணம் அது. நாத்திகரோடு கைகோத்த இந்த இயக்கத்தை 'மத அடிப்படைவாதம்' என்று எப்படி எழுதுவது? அது வகுப்புரிமை அரசியல். வகுப்புரிமை என்கிற சொல் நீதிக்கட்சியிலிருந்து நமக்கு நன்கு பழக்கமானதும்கூட.

இரண்டாவது, தேவ்பந்த் ஆலிம்களின் ஜமிய்யத்துல் உலமாயே ஹிந்த். கிலாபத் காலத்தில், 1919இல் உருவான அமைப்பு. அதன் தலைவர்களில் ஒருவரான ஹுசைன் அஹ்மத் மதனி 1938இல் 'கூட்டுத் தேசியம்' பற்றி ஒரு நூலே எழுதினார். தாடியும் தலைப்பாகையுமாக, ஐந்து வேளை தொழுகையும் ஹதீஸ் வகுப்புமாக வாழ்ந்த அந்த மனிதர் பிரிவினையை எதிர்த்தார். மதீனாவில் நபிகள் யூதர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையை எடுத்துக்காட்டி, ஒரே நிலத்தில் வாழ்வோர் மதம் வேறானாலும் ஒரே 'கவ்ம்' ஆக முடியும் என்று வாதிட்டார். 'கவ்ம்' நிலத்தால் ஆனது, 'மில்லத்' மார்க்கத்தால் ஆனது என்பது அவர் வைத்த பிரிப்பு. கவிஞர் இக்பால் இதைக் கடுமையாக மறுத்தார். ஒரு சொல்லுக்காக நடந்த அந்தச் சண்டையில் ஒரு துணைக்கண்டத்தின் தலையெழுத்தே அடங்கியிருந்தது என்பது மிகை அல்ல. மார்க்கம் படித்தவர் ஒன்றுபட்ட இந்தியா வேண்டும் என்கிறார், லண்டனில் சட்டம் படித்தவர் பாகிஸ்தான் வேண்டும் என்கிறார். 'மதவாதம் X மதச்சார்பின்மை' என்ற நமது எதிர்வு இந்த இடத்தில் உடைந்து நொறுங்குகிறது. ஆலிம்கள் எல்லோரும் மதனி பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி தலைமையில் ஒரு பிரிவு 1945இல் தனியாகப் பிரிந்து லீகை ஆதரித்தது.

மூன்றாவது, மௌதூதி. ஔரங்காபாதில் 1903இல் பிறந்த பத்திரிகையாளர். 1941 ஆகஸ்டில் லாகூரில் எழுபத்தைந்து பேரோடு ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கினார். அவருக்கு மதனியும் வேண்டாம், ஜின்னாவும் வேண்டாம். மனிதர்கள் தமக்குத்தாமே இறைமை கொண்டாடுவதே அடிப்படைப் பிழை, இறைமை இறைவனுக்கு மட்டுமே என்பது அவரது தொடக்கப்புள்ளி. அந்த அளவுகோலால் அளந்தால் இந்தியத் தேசியமும் பிழை, முஸ்லிம் தேசியமும் பிழை. லீக் கேட்கும் பாகிஸ்தான் முஸ்லிம்களின் அரசாக இருக்குமே ஒழிய இஸ்லாமிய அரசாக இருக்காது என்று அவர் எழுதினார். பிறகு அந்தப் பாகிஸ்தானுக்கே குடிபெயர்ந்து போய் அங்கே இஸ்லாமிய அரசமைப்புக்காகப் போராடியது வரலாற்றின் விநோதம்.

நான்காவது, மௌலானா இல்யாஸ் 1920களின் பிற்பாதியில் மேவாத்தில் தொடங்கிய தப்லீக் இயக்கம். தொழுகையைச் சரிசெய், கலிமாவைச் சரியாகச் சொல், அரசியல் பேசாதே. அவ்வளவுதான். மத இயக்கங்களிலேயே மிகப் பரவலானது அரசியலை வாசலுக்கு வெளியே செருப்போடு சேர்த்து விட்டுவிடச் சொன்ன இயக்கம்தான்.

பிரதிநிதித்துவம், கூட்டுத் தேசியம், இறைமை, ஒழுக்கத் திருத்தம். நான்கு வேறு கேள்விகள், நான்கு வேறு பதில்கள். லீகின் கேள்வி 'எங்களுக்கு எத்தனை இடம்?' மதனியின் கேள்வி 'நாம் யாரோடு வாழ்கிறோம்?' மௌதூதியின் கேள்வி 'யாருடைய சட்டம்?' தப்லீகின் கேள்வி 'நீ ஒழுங்காகத் தொழுகிறாயா?' இவற்றை ஒன்றாக்கிப் படிப்பது வாசிப்பே அல்ல, காவல்துறைக் கோப்பு தயாரிக்கும் வேலை.

3

இந்த நான்கில் முதல் கேள்விக்கு மட்டும் ஏன் அத்தனை வலு வந்தது? மக்கள் மனத்தில் மதவெறி ஊறிக்கிடந்ததால் என்பது சோம்பேறித்தனமான விடை. ஒரு நிறுவன ஏற்பாடு அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

1909 மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி கொடுத்தது. முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம் மட்டுமே வாக்களிப்பார். 1919, 1935 சட்டங்கள் இதைத் தொடர்ந்தன, விரித்தன. இதன் விளைவு என்ன? வாக்காளர் பட்டியலைத் திறந்தாலே நீ முஸ்லிம் என்று எழுதியிருக்கும். மேடையில் ஏறுகிற வேட்பாளர் இருவருமே முஸ்லிம்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் முஸ்லிம்கள். அப்புறம் வேறெதைப் பேசுவது? ஃபூக்கோவிய மொழியில் சொன்னால், 'முஸ்லிம் வாக்காளர்' என்கிற தன்னிலையை உற்பத்தி செய்த இயந்திரம் இந்தப் பட்டியல். லீக் அந்த இயந்திரத்தைக் கண்டுபிடிக்கவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டது. 1946இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அது 28 இடங்களைப் பிடித்தது. அதற்கு முந்தைய மாதங்களில் மத்தியச் சட்டமன்றத்தின் முஸ்லிம் இடங்கள் 30ஐயும் வென்றிருந்தது. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அன்றைய மாகாண வாக்குரிமை சொத்து, வரி, படிப்பு பார்த்துத் தரப்பட்டது. கூலிக்காரனுக்கு ஓட்டு கிடையாது. 'முஸ்லிம்கள் பாகிஸ்தானுக்கு வாக்களித்தார்கள்' என்று எழுதும்போது, வாக்கே இல்லாத பெரும்பான்மை முஸ்லிம்களையும் அந்த வாக்கியத்துக்குள் இழுத்துவந்து குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் வருவோம். வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததே 18ஆம் நூற்றாண்டின் நடுவில், 1749 ஆம்பூர்ப் போரை ஒட்டி, சந்தா சாகிபு - முசாபர் ஜங் தரப்பு கொடுத்த கொடையால்தான். அந்தச் சண்டையில் பிரெஞ்சுக்காரன் ஆதரித்த நவாபும் முஸ்லிம், இங்கிலீஷ்காரன் ஆதரித்த முகம்மது அலியும் முஸ்லிம். 1752இல் பாகூர் மண்ணிலேயே இரண்டு வெள்ளைக் கம்பெனிகளின் படைகள் மோதிக்கொண்டன. 'முஸ்லிம் ஆட்சி' என்றொரு முழுமையை இதிலெல்லாம் எங்கே தேடுவது?

பிரெஞ்சிந்தியாவில் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை 1871லேயே வந்துவிட்டது. 1880 ஆணையால் வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்கள் ஆயின. மேர் என்றும் மெரி என்றும் இன்றும் கிழவர்கள் வாயில் புழங்குகிற சொற்கள் அப்போது வந்தவை. இங்கேயும் பட்டியல் அரசியல் உண்டு, இல்லாமலில்லை. 1884இல் மூன்று பட்டியல்: ஐரோப்பியர், ரெனோன்சான்கள், மற்ற இந்தியர். 1899இல் அது இரண்டாகியது. சில நூறு ஐரோப்பியர்களுக்கும் லட்சக்கணக்கான இந்தியர்களுக்கும் சரிசமமாக இடங்களைப் பங்கிட்ட அசிங்கம் அது. ஆனால் பிரித்த கோடு தோலின் நிறத்தையும் சட்ட அந்தஸ்தையும் ஒட்டிப் போனது, மதத்தை ஒட்டிப் போகவில்லை. சுல்தான்பேட்டை சாயபுவும் பக்கத்துத் தெரு வன்னியரும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். சாயபு ஓட்டு கேட்டாலும் வன்னியரிடமும்தான் கேட்டாக வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இரட்டைப் பட்டியலும் போயிற்று. 1946 தேர்தல்களில் பெண்களும் வாக்களித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் பெண்களில் பெரும்பாலோர் அதற்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உடனே 'ஆகா, பிரெஞ்சுக் குடியரசு! சமத்துவம், சகோதரத்துவம்!' என்று கிளம்பிவிட வேண்டாம். அதே குடியரசு அல்ஜீரியாவில் என்ன செய்தது? 1865 ஆணையின்படி, முழுக் குடியுரிமை வேண்டுமென்றால் அல்ஜீரிய முஸ்லிம் தன் மார்க்கச் சட்டத்தின்கீழான தனிநபர் அந்தஸ்தைத் துறக்க வேண்டும். 1947இல் சட்டமன்றம் அமைத்தபோதும் ஐரோப்பியச் சிறுபான்மைக்கு 60, முஸ்லிம் பெரும்பான்மைக்கு 60 என்று இரண்டு தொகுப்புகளாக வைத்தது. வில்லியனூர் முஸ்லிம் தனிநபர் சட்டத்தை வைத்துக்கொண்டே ஓட்டுப் போட்டான், அல்ஜீரிய முஸ்லிமுக்கு அது முடியவில்லை. குடியரசின் தத்துவம் இரண்டிடத்திலும் ஒன்றுதான். புதுச்சேரியில் பறிப்பதற்குக் குடியேற்ற நிலம் இல்லை, அல்ஜீரியாவில் இருந்தது. பெருந்தன்மையின் அரசியல் பொருளாதாரம் இதுதான்.

1819ஆம் ஆண்டின் ஒரு பிரெஞ்சு ஆணையையும் இங்கே படிக்க வேண்டும். கிறிஸ்தவரானாலும் மூர்களானாலும் இந்துக்களானாலும் இந்தியர்கள் அவரவர் சாதியின் சட்டம், வழக்கம், பழக்கத்தின்படி தீர்ப்பளிக்கப்படுவார்கள் என்பது அதன் சாரம். முஸ்லிமையும் ஒரு 'சாதி'யாகவே இந்தச் சட்ட மொழி பார்த்தது. பிரிட்டிஷ் சட்ட மொழி முஸ்லிமை 'சமயச் சமூகம்' ஆக்கியது. இலங்கையில் அதே 'மூர்' என்ற சொல் ஓர் 'இனம்' ஆகியது. அங்கே 1880களில் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரைத் தமிழரின் கிளை என்று சொல்லப்போய் எழுந்த எதிர்ப்பு இன்றுவரை ஓயவில்லை. தமிழ் பேசுகிற ஒரே மாதிரியான மனிதர்கள், மூன்று ஆட்சிகளின் மூன்று பதிவேடுகளில் மூன்று விதமான ஆட்களாகிறார்கள். அடையாளம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

4

இப்போது 1947 ஆகஸ்டு.

ஆகஸ்டு 14, 15 தேதிகளில் துணைக்கண்டத்தின் முஸ்லிம் ஒவ்வொருவன் மீதும் ஒரு கேள்வி விழுந்தது: நீ இங்கேயா, அங்கேயா? திருநெல்வேலிக்காரனும் வாணியம்பாடிக்காரனும் லாகூரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான், ஆனால் கேள்வி அவனுக்கும்தான். அடுத்த ஆண்டுகளில் இந்தக் கேள்வி வெளியேறியோர் சொத்துச் சட்டமாகவும் பெர்மிட் முறையாகவும் சந்தேகப் பார்வையாகவும் உருமாறி நின்றது. 1948 ஏப்ரல் 3இல் வகுப்புவாதக் கட்சிகளுக்கு எதிராக அரசியல் நிர்ணய சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர் சென்னை மாகாணத்து அனந்தசயனம் அய்யங்கார். செப்டம்பரில் ஹைதராபாத் நடவடிக்கை. காசிம் ரஜ்வியின் ரஜாக்கர்கள் செய்த அட்டூழியத்துக்குக் கோட்டக்குப்பத்து மீன் வியாபாரியும் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை.

கோட்டக்குப்பம் என்று சும்மா சொல்லவில்லை. முத்தியால்பேட்டையை ஒட்டி, எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற முஸ்லிம் ஊர் அது. அந்த ஊர்க்காரன் 1947 ஆகஸ்டு 15 காலையில் இந்தியன். சுல்தான்பேட்டைக்காரன் அன்று காலையில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தவன். ஒரே மொழி, ஒரே மார்க்கம். ஒருவனுக்கு இந்தியாவா பாகிஸ்தானா என்ற கேள்வி. மற்றவனுக்கு அந்தக் கேள்வியே இல்லை.

அவனுக்கு வந்தது வேறு கேள்வி: பிரான்சா, இந்தியாவா? 1948 ஜூனில் இரு அரசுகளும் மக்கள் வாக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டன. சந்திரநாகூரில் 1949 ஜூனில் வாக்கெடுப்பு நடந்து இணைப்புக்கு ஆதரவாக 7473, எதிராக 114 என்று வந்தது. தெற்கே நடக்கவே இல்லை. 1949இல் சுங்க ஒப்பந்தம் முறிந்ததும் ஊருக்கும் வயலுக்கும் நடுவே சுங்கச்சாவடி முளைத்தது. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலம் அல்ல, அங்கங்கே சிதறிக் கிடக்கிற திட்டுகள். நெல்லை வண்டியில் ஏற்றினால் நாலு இடத்தில் நிறுத்திக் கேள்வி. அந்தக் கேள்வியில் மதம் இல்லை, மூட்டையில் என்ன இருக்கிறது என்பதுதான் இருந்தது. 1954 மார்ச்சு 18இல் புதுச்சேரிப் பகுதியின் எட்டு கொம்யூன்களின் மேர்களும் வாக்கெடுப்பு இல்லாமலே இணைப்பு வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மார்ச்சு 31இல் நெட்டப்பாக்கத்தில் எதுவார் குபேர் இந்தியக் கொடியை ஏற்றினார். அக்டோபர் 18இல் வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள்: 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. அதே 1954 நவம்பர் 1இல்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. ஒரே நாளில் பிரெஞ்சுப் பேரரசின் ஒரு முனையில் கையெழுத்து, இன்னொரு முனையில் துப்பாக்கி.

1956 மே 28இல் ஒப்பந்தம், 1962 ஆகஸ்டு 16இல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியில் இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சு நாட்டினர் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். இந்தத் தாளில் மதத்துக்குக் கட்டம் கிடையாது. சைகோனில் வியாபாரம் இருந்த சாயபும் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்த ரெட்டியாரும் ஒரே மாதிரி கணக்குப் போட்டார்கள்: பென்சியோன் வருமா, பிள்ளைகள் போகலாமா, நிலம் என்னாகும். தேசபக்தி என்ற பெரிய சொல்லுக்குக் கீழே இருந்தது இந்தக் கணக்குதான். ஒரு முஸ்லிம் பிரான்சைத் தேர்ந்தெடுத்தபோது அதை யாரும் 'மதத் துரோகம்' என்றோ 'தேசத் துரோகம்' என்றோ எழுதவில்லை. இதே மனிதன் எல்லை தாண்டி ஒரு மைல் தள்ளிப் பிறந்து வேறு திசையில் போயிருந்தால் அவன் வீட்டுக்கு முத்திரை வைத்திருப்பார்கள்.

5

சட்டத்துக்கு வருவோம். ஏனென்றால் 1947க்குப் பிறகு தென்னகத்தின் முஸ்லிம் அரசியல் ஊன்றி நின்ற இடம் தனிநபர் சட்டம்தான்.

1937 ஷரீஅத் சட்டம், ஊர்வழக்கங்களைத் தள்ளிவிட்டுத் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றை ஷரீஅத்தின்கீழ் கொண்டுவந்தது. வழக்கப்படி மகளுக்கு ஒன்றுமே இல்லாத இடங்களில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்காவது என்று ஆக்கியதால் அன்றைக்கு அது பெண்களுக்குச் சாதகமான சட்டமாகவே முன்வைக்கப்பட்டது. ஆனால் அதில் ஒரு ஓட்டை: விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. கிராமத்தில் சொத்து என்றாலே நிலம்தான். நிலத்தை விட்டுவிட்டு ஷரீஅத்தைக் கொடுப்பது இலையைப் போட்டுவிட்டுச் சோற்றை நிறுத்திக்கொள்கிற மாதிரி. நிலக்கிழார்களின் கை எங்கே இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. சென்னை மாகாணம் 1949இல் ஒரு திருத்தத்தின் மூலம் விவசாய நிலத்தையும் சேர்த்துக்கொண்டது.

புதுச்சேரிக்கு இந்தச் சட்டம் 1968இன் சட்ட விரிவாக்கச் சட்டத்தின் வழியாகவே வந்தது. வரும்போதே ஒரு நிபந்தனையோடு வந்தது: ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது. 1881 ஆணைப்படி தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்களும் அவர்களது வாரிசுகளும்தான் ரெனோன்சான்கள். பொது சிவில் சட்டம் வந்தால் மார்க்கமே போய்விடும் என்று ஒரு தரப்பும், வந்தால்தான் நாடே உருப்படும் என்று மறு தரப்பும் இன்றும் கூச்சலிடுகின்றன. இரண்டு தரப்புக்கும் புதுச்சேரி சொல்கிற செய்தி தர்மசங்கடமானது. தனிநபர் சட்டமும் மதநம்பிக்கையும் ஒன்றே அல்ல. அந்தஸ்தைத் துறந்தவர் கோயிலையோ பள்ளிவாசலையோ துறக்கவில்லை. கூடவே, துறப்பது இங்கே தனிமனிதரின் விருப்பமாக இருந்தது, பெரும்பான்மை கையை முறுக்கிச் செய்வித்த காரியமாக இருக்கவில்லை.

சென்னையில், 1948 மார்ச்சு 10 அன்று, முகம்மது இஸ்மாயில் சாகிபு தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது. கலைத்துவிடுங்கள் என்று நாலா திசையிலிருந்தும் வந்த நெருக்கடிக்கு நடுவே கட்சியைக் கலைக்காமல் வைத்திருந்தார். அரசியல் நிர்ணய சபையில் 1947 ஆகஸ்டிலும் 1949 மேயிலும் தனித்தொகுதிக் கோரிக்கை தோற்றது. 1948 நவம்பர் 23 அன்று, பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவில் தனிநபர் சட்டத்துக்கு விலக்குக் கேட்டு அவர் திருத்தம் கொண்டுவந்தார், அதுவும் தோற்றது. அவரைக் 'காயிதே மில்லத்' என்று அழைக்கிறோம். ஜின்னா 'காயிதே ஆஜம்', மாபெரும் தலைவர். இஸ்மாயில் சாகிபு 'மில்லத்'தின் தலைவர். லீகின் வாரிசான இந்தத் தலைவருக்கு வந்து சேர்ந்த பட்டம் மதனியின் பிரிப்பிலிருந்து ஒரு பாதியை எடுத்துக்கொண்டது போல இருக்கிறது: கவ்ம் இந்தியா, மில்லத் இஸ்லாம். தமிழில் இந்த மில்லத்துக்குச் 'சமுதாயம்' என்று பெயர் வைத்தார்கள். அது நாடும் அல்ல, இனமும் அல்ல, தனி அரசு கேட்கிற எதுவும் அல்ல. 1960களில் அந்தச் சமுதாயம் தி.மு.க.வோடு கூட்டணி சேர முடிந்ததற்கு இந்தச் சொல் திறந்த வழியும் ஒரு காரணம்.

மௌதூதியின் ஜமாஅத் இந்தியாவில் 1948இல் தனி அமைப்பாகியது. இறைமை இறைவனுக்கே என்ற கோட்பாட்டை நேர்மையாகப் பின்பற்றினால் தேர்தலில் வாக்களிக்கக்கூடாது. நெடுங்காலம் அதன் உறுப்பினர்கள் அப்படித்தான் இருந்தார்கள். பிறகு படிப்படியாகத் தடை தளர்ந்தது. 1975 நெருக்கடிநிலையிலும் 1992 டிசம்பரிலும் இந்த அமைப்பு தடை செய்யப்பட்ட பிறகு, மதச்சார்பற்ற ஜனநாயகத்தைக் காப்பாற்றுவதே இஸ்லாமியக் கடமை என்று பேசுகிற இடத்துக்கு அது வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கிறோம். கோட்பாட்டை மாற்றியது பெரும்பான்மையின் உபதேசம் அல்ல, சிறுபான்மையாக வாழ்ந்து பார்த்த அனுபவம்.

6

அப்படியானால் பிரெஞ்சிந்திய வழிதான் சரி, தனித்தொகுதி இல்லாததால்தான் இங்கே வகுப்பு அரசியல் வேரூன்றவில்லை என்று முடித்துவிடலாமா? மரைக்காயர் குடும்பத்து எம்.ஓ.எச். பாரூக் 1967இல் 29 வயதில் புதுச்சேரியின் முதல்வரானார். பிறகு தி.மு.க. சார்பில் 1969இலும் காங்கிரஸ் சார்பில் 1985இலும் முதல்வர். ஆறு சதவீதச் சமூகத்திலிருந்து ஒருவர், முஸ்லிம் கட்சி எதுவும் இல்லாமலே மூன்று முறை முதல்வர். தமிழ்நாட்டில் ஒருமுறைகூட நடக்காத காரியம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். பொதுப்பட்டியலில் சிதறிக் கிடக்கிற சிறுபான்மை, தனக்கென்று பேரம் பேசுகிற வலு இல்லாமல், மேர் யாரோ அவர் பின்னால் போக வேண்டியிருந்தது. பிரெஞ்சிந்தியத் தேர்தல்களின் யோக்கியதை ஊரறிந்தது: அடியாட்கள், கள்ள ஓட்டு, செத்தவன் வந்து போடுகிற ஓட்டு. 1951இல் வந்த வெளிநாட்டுப் பார்வையாளர்களே வாக்காளர் பட்டியல்களின் நம்பகத்தைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். அந்த அமைப்பில் ஒரு சின்ன ஜமாத்துக்கு இருந்த அரசியல், பெரிய வீட்டுத் திண்ணையில் போய் நின்று 'நீங்க சொல்றபடியே ஆகட்டும்' என்பதுதான். தனித்தொகுதி முஸ்லிமை முஸ்லிமாக மட்டுமே பேச வைத்தது. பொதுத்தொகுதி அவனை முஸ்லிமாகப் பேசவிடாமல் வைத்தது. முதலாவது பாகிஸ்தானில் போய் முடிந்தது என்பதால் இரண்டாவது நியாயமாகிவிடாது. அம்பேத்கர் 1932இல் தனித்தொகுதிக்காக நின்றது எந்த நியாயத்தின் பேரில் என்று தலித் அரசியல் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதே நியாயத்தை முஸ்லிம் வாயிலிருந்து கேட்கும்போது மட்டும் 'பிரிவினை' என்று நம் காதில் விழுகிறதென்றால் கோளாறு காதில்தான்.

2020 பிப்ரவரி 12 அன்று புதுச்சேரிச் சட்டமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. வழக்கமான கட்சி அரசியல் என்று பலர் அதைக் கடந்துபோனார்கள். ஆனால் இந்த மண்ணின் குடியுரிமை வரலாறு தெரிந்தவர்களுக்கு அதன் கனம் வேறு. 1962இல் வில்லியனூர்க்காரனும் பாகூர்க்காரனும் இந்தியக் குடிமகனானது ஒரு சர்வதேச ஒப்பந்தத்தால். பிறந்த இடம், வாழ்கிற இடம் என்ற இரண்டே கேள்விகளுக்குப் பதில் சொல்லி. குடியுரிமைக்கு மதத்தைக் கேட்கலாம் என்று 2019இல் எழுதப்பட்ட சட்டம், 1947 ஆகஸ்டில் எல்லைக்கு அந்தப் பக்கத்தில் கேட்கப்பட்ட அந்தப் பழைய கேள்வியை, அது ஒருபோதும் கேட்கப்படாத ஊர்களுக்கும் கொண்டுவந்து சேர்க்கிறது.

மத அரசியல் இயக்கங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இயக்கங்கள் சொன்ன பதில்களை மட்டுமே தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஜின்னா என்ன சொன்னார், மௌதூதி என்ன சொன்னார், மதனி என்ன சொன்னார். கேள்வி கேட்ட பட்டியல்களையும் படிவங்களையும் ஆணைகளையும் யாரும் விசாரிப்பதில்லை. சுல்தான்பேட்டைக்கும் கோட்டக்குப்பத்துக்கும் இடையில் கிடக்கிற சில மைல்களில், ஒரே மக்கள் இரண்டு வேறு கேள்விகளுக்கு இரண்டு வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறார்கள். முஸ்லிம்கள் ஏன் அப்படி இருக்கிறார்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அவர்களிடம் யார், எந்த அதிகாரத்தோடு, என்ன கேட்டார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினால் நூற்றாண்டு நடுப்பகுதியின் வரலாற்றை வேறு விதமாக எழுத வேண்டிவரும். அதற்கான ஆவணங்கள் கொம்யூன் அலுவலகங்களின் பழைய பதிவேடுகளிலும் பள்ளிவாசல் கணக்குப் புத்தகங்களிலும் கிடக்கின்றன. கரையான் முந்திக்கொள்வதற்கு முன்னால் யாராவது போய் எடுத்துப் படிக்க வேண்டும்.